முதல் பரீட்சைக்கு லேகியம் கிடையாது!

"டாக்டர், இவளுக்கு ஞாபக சக்திக்கு நல்லதா ஒரு லேகியம் குடுங்க. பரீட்சைக்கு இன்னும் இருபத்தாறே நாள்தான் இருக்கு!"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மா கேட்டது இதைத்தான். பக்கத்தில் மகள். எம்.பி.பி.எஸ். முதல் வருடம். பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் இரண்டாவது ரேங்க் என்றால் என்னவென்றே தெரியாத பெண் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று பார்த்தபோது கண்ணைச் சுற்றிக் கருவளையம், உதட்டில் வெடிப்பு, காறை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மூன்று மாதமாக வயிற்று வலியாம். ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து ஒரு தடிமனான ஃபைல் என் மேஜை மேல் வந்து உட்கார்ந்தது. எல்லாமே நார்மல்!

நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனி எல்லாம் சில்லென்று இருந்தது.

"ராத்திரி எத்தனை மணிக்கும்மா படுப்பே?"

"ரெண்டு... ரெண்டரை ஆகும் சார்."

"எழுந்திருக்கிறது?"

"அஞ்சு மணி."

"காலையில டிபன்?"

"மெஸ்ல கூட்டமா இருக்கும் சார். காபி குடிச்சிட்டு ஓடிருவேன்."

ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டேன். ஆறு. தண்ணீர்? "காலேஜ்ல குடிக்க மாட்டேன் சார். பாத்ரூம் போகணுமே..."

இதற்கு எதற்கு எண்டோஸ்கோபி? வயிறு பேசாமல் வேறு என்ன செய்யும்?

ஆனால் விஷயம் இது மட்டும் இல்லை என்று தோன்றியது. "வெளியில் பொடி மடிச்சுக் குடுப்பாங்க, எப்படிச் சாப்பிடணும்னு கேட்டுட்டு வாங்கம்மா" என்று தாயை அனுப்பி வைத்தேன். கதவு சாத்தியதுதான் தாமதம். "சார், இன்டர்னல்ல ரெண்டு சப்ஜெக்ட் போயிடுச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதாம்!

(அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள். தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம், தூக்கம், வாந்தி, மூச்சு என்று போகும் அந்தப் பட்டியலில் கண்ணீரும் ஒன்று. இவற்றை அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், "எழுதி வெச்சுக்கோங்கடா, கேள்வி வரும்" என்றார். எழுதி வைத்துக்கொண்டு, தூக்கத்தையும் பசியையும் அடக்கிக்கொண்டு, அதையே மனப்பாடம் செய்தோம்! என் எதிரில் உட்கார்ந்திருந்த பெண் அந்தப் பதினான்கில் ஐந்தையாவது அடக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் முதல் பரீட்சை பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம். உங்கள் வீட்டிலோ, அண்ணன் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ இந்த வருடம் ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ்., சித்தா, பல் மருத்துவம் என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்திருக்கலாம். கேக் வெட்டி, வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். "இனிமே கவலை இல்லைப்பா, சீட் கிடைச்சாச்சு!" என்று பெருமூச்சு விட்டிருப்பீர்கள். அங்கேதான் தப்பு பண்ணுகிறோம்.

முதல் மாணவர்கள் ஏன் தடுக்கி விழுகிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். மருத்துவப் படிப்பில் ஐம்பது வேண்டும் என்று நாங்கள் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எப்போதும் தொண்ணூற்றைந்துக்கு மேல் வாங்கிய பிள்ளைக்கு ஐம்பது என்ன பிரமாதம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தத் தொண்ணூற்றைந்து எப்படி வந்தது? ஒரே பாடப் புத்தகம். அதை இரண்டு வருடம் திரும்பத் திரும்பப் படித்து, மாதிரித் தேர்வு எழுதி எழுதி... நீட் பரீட்சையோ நாலு விடையில் சரியானதைத் தேர்ந்தெடுக்கிற வித்தை. மருத்துவக் கல்லூரியில் காலடி வைத்ததும் எல்லாமே தலைகீழ். புத்தகம் தலையணை பருமன். எழுத வேண்டியது பக்கம் பக்கமாக. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வைவா வேறு!

உடற்கூறியல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடம்பில் 206 எலும்புகள். எண்ணிக்கையைச் சொன்னால் போதாது. ஒவ்வொரு எலும்பையும் கையில் கொடுத்து, இது வலதா இடதா, எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது, எந்த நரம்பு எந்தப் பள்ளத்தில் ஓடுகிறது என்று கேட்பார்கள். தோள்பட்டையில் ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று வடம், அப்புறம் கிளைகள். அதைப் படித்தால் ரயில்வே ஜங்ஷன் வரைபடம் தேவலை என்று தோன்றும். இதெல்லாம் ஃபார்மலின் நெடியில், முன்பின் பார்த்தறியாத ஒரு மனிதரின் உடலுக்கு முன்னால் நின்றபடி படிக்க வேண்டும். பதினெட்டு வயது, வீட்டை விட்டு முதல் தடவை வந்த பிள்ளை. முதல் வாரம் சோறு இறங்காது. இதை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்?

எங்கள் சித்த மருத்துவத்தில் கதை கொஞ்சம் வேறு. தொண்ணூற்றாறு தத்துவங்கள் என்று முதல் வருடத்திலேயே வரும். பூதம் ஐந்து, பொறி ஐந்து, புலன் ஐந்து என்று ஆரம்பித்து, நாடி பத்து, வாயு பத்து, ஆதாரம் ஆறு, ராகம் எட்டு என்று போய் அவத்தை ஐந்தில் முடியும். என் அறைத் தோழன் ஒருவன் தொண்ணூற்றாறையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பான். நாங்கள் கை தட்டுவோம். பரீட்சையில் பத்து வாயுக்களின் செயல்களை விளக்கச் சொன்னார்கள். பயல் தொண்ணூற்றாறு பெயரையும் வரிசையாக எழுதிவிட்டு வந்தான்! பிராணன் என்ன செய்கிறது, அபானன் என்ன செய்கிறது என்று ஒரு வரி இல்லை. அவனைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் கதை.

கீழாநெல்லி என்னைக் கவிழ்த்தது!

1988. நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். தப்பு முழுக்க என்னுடையது, கல்லூரியை எதற்கு இழுப்பானேன்? என் தாத்தா கிராமத்து வைத்தியர். அரை டிராயர் வயதிலிருந்தே அவருக்குப் பின்னால் வரப்பில் ஓடி மூலிகை பறித்தவன் நான். மேலாநெல்லி எது, கீழாநெல்லி எது என்று இருட்டில் தடவிப் பார்த்தே சொல்வேன். அதனால் தாவரவியல் நமக்கு அல்வா என்று நினைத்திருந்தேன். வகுப்பில் பாதி நேரம் கடைசி பெஞ்சு.

செய்முறைத் தேர்வில் என் மேஜையில் ஒரு கொத்து வைத்திருந்தார்கள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கீழாநெல்லி! காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுப்பது, பத்தியம், யாருக்கு எவ்வளவு என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். அவர்கள் கேட்டதோ அதன் தாவரப் பெயர், குடும்பம், பூவின் அமைப்பு, குறுக்கு வெட்டு! 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்ற பெயர் கூட அந்த நேரத்தில் வரவில்லை. நாற்பத்தொரு மதிப்பெண். ஃபெயில்.

இரண்டு வாரம் ஊருக்குக் கடிதம் போடவில்லை. மூன்றாவது வாரம் வேறு வழியில்லாமல் போனேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் அடியை விட மோசமாக இருந்தது. தாத்தாதான் திண்ணையில் இருந்தபடி கேட்டார், "எதுலடா போச்சு?" சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "கீழாநெல்லியா உன்னைக் கவுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு அப்படி ஒரு சிரிப்பு! சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக.

மறுநாள் காலை வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். "உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதை இதுல காட்டு." ஊசியும் லென்ஸுமாக உட்கார்ந்தேன். கடுகை விடச் சின்னப் பூ. ஆண் பூ தனி, பெண் பூ தனி, இரண்டும் ஒரே செடியில். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன். அவர் லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, "அம்பது வருஷமா இதை அரைச்சுக் குடுக்கிறேன். இதுக்குள்ள இவ்வளவு இருக்கா!" என்றார். அன்றைக்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் எனக்குத் தாவரவியல் புரிந்தது. மறு தேர்வில் பாஸ். (அப்போது ஆமணக்குக் குடும்பம் என்று எழுதிய செடியை இப்போது தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். இன்றைக்கு அதே விடையை எழுதினால் மறுபடி ஃபெயில்!)

தாத்தா அன்று செய்ததைத்தான் எந்த மாணவன் வந்தாலும் இன்று நானும் சொல்கிறேன். புத்தகத்தை மூடு. யாருக்காவது சொல்லிக் காட்டு. அடிக்கோடு போட்டுக்கொண்டே நாலு தடவை படிப்பது படிப்பு இல்லை. அது கண்ணுக்கு உடற்பயிற்சி! படித்ததை மூடிவிட்டு, வெள்ளைக் காகிதத்தில் என்ன ஞாபகம் இருக்கிறதோ அதை எழுதிப் பார்க்க வேண்டும். முதல் நாள் பாதிதான் வரும். பயப்படக் கூடாது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டங்களைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே மளமளவென்று நடந்துவிடுகிறது. ஆனால் மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை என்று இடைவெளி விட்டுத் திருப்பினால் ஒட்டிக்கொள்கிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முறை வைத்து ஒப்பித்ததும் இதற்குத்தானே!

அந்தத் தோள்பட்டை நரம்புப் பின்னலைத் தினமும் ஒரு தடவை, பார்க்காமல் வரையச் சொன்னேன் அந்தப் பெண்ணிடம். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு தன் உடம்பிலேயே பொருத்திப் பார்க்கச் சொன்னேன். காறை எலும்பை வெறும் படத்தில் பார்த்தால் வலது இடது குழம்பும். தன் தோளில் வைத்துப் பார்த்தால் உருண்டை முனை நெஞ்சுப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம் என்று தானே உட்கார்ந்துகொள்ளும். ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம் போதும். சீனியர்கள் சொல்கிற எல்லாப் புத்தகத்தையும் வாங்கி அடுக்கினால் அலமாரிதான் பாஸாகும்.

உயிர் வேதியியல்தான் அவளுக்குப் பெரிய பயம். அதிலும் 'கிரெப்ஸ் சுழற்சி' என்றால் உடம்பே நடுங்குமாம். நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். ஹான்ஸ் கிரெப்ஸ் அந்தச் சுழற்சியைப் பற்றி 1937-ல் கட்டுரை எழுதி 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பினார். இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! வேறொரு பத்திரிகையில் வெளிவந்தது. 1953-ல் நோபல் பரிசு. "சார், அவருக்கே ரிஜெக்டா?" என்று அவள் கேட்டபோதுதான் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

வைவா பற்றி ஒரு வார்த்தை. நான் சில வருடம் பாடம் எடுத்தவன். அந்த மேஜைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் இருக்கிறவர் உங்களைக் கவிழ்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து அறுபது பேரைக் கேட்டுக் களைத்துப் போன மனுஷன் அவர்! தெரியாத கேள்விக்குச் சுற்றி வளைத்துக் கதை விட்டால் எரிச்சல் வரும். "தெரியவில்லை சார்" என்று பட்டென்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். எதிலாவது தேறுகிறானா என்று தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும்.

சரி, லேகியம்?

பரீட்சை நெருங்கினால் ஞாபக சக்தி மருந்து விளம்பரங்கள் முளைக்கும். சித்த மருத்துவன் ஆகிய நானே சொல்கிறேன்: பரீட்சைக்கு முந்தின மாதம் வாங்கிக் கொடுக்கிற எந்த லேகியமும் படிக்காத பாடத்தை மண்டையில் ஏற்றாது. வல்லாரை நல்ல கீரை, மறுக்கவில்லை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் அளவுக்கு மீறிப் போனால் தலைவலியும் மந்தமும்தான் மிச்சம். நீர்ப்பிரமியை வைத்து ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஞாபகத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்ததும் உண்மை. ஆனால் அவற்றில் பலவற்றில் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பலன். இருபத்தாறு நாளில் என்ன நடக்கும்? இதைச் சொன்னால் என் தொழிலுக்கு நஷ்டம்தான். பரவாயில்லை.

அதை விடப் பெரிய மருந்து ஒன்று காசில்லாமல் கிடைக்கிறது. தூக்கம். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான் என்று இன்றைய அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. இரவில் விழித்தால் வாதமும் பித்தமும் கெடும் என்று நம் வைத்தியம் சொல்கிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடம் இது. காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்தால் விடியற்காலை மூன்று மணிக்கும் அதில் பாதி உடம்பில் நிற்கிறது. மாலை ஐந்துக்கு மேல் காபி வேண்டாம். ஆறு மணி நேரமாவது தூங்காமல் பரீட்சை ஹாலுக்குப் போகவே கூடாது. காலையில் இரண்டு இட்லியாவது, இல்லையென்றால் ஒரு டம்ளர் கஞ்சியாவது. கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, பரீட்சை நாளில் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். கல்லூரி நிர்வாகங்கள் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஒரு சுத்தமான கழிவறை கட்டினால் பாதி வைத்தியம் முடிந்தது!

இன்னொன்று. பரீட்சைக்கு முதல் நாள், "சூடு தணியட்டும்" என்று பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து விடாதீர்கள். எங்கள் ஹாஸ்டலில் ஒருவனுடைய அம்மா ஊரிலிருந்து வந்து இப்படித்தான் செய்தார்கள். எண்ணெய்க் குளியல் அன்று பகலில் தூங்கக் கூடாது என்று சித்த மருத்துவம் படிக்கிற பையனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மத்தியானம் இரண்டு மணிக்குச் சாய்ந்தவன் ராத்திரி எட்டுக்குத்தான் எழுந்தான்!

வீட்டில் இருப்பவர்களுக்கு...

அந்தப் பெண்ணிடம், "அம்மாவிடம் நீயே சொல்லு. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. தாய் பொடிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தாள். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அந்த அம்மா மகளின் முகவாயைத் தூக்கிப் பிடித்து, "இதுக்காடி மூணு மாசமா சோறு திங்காமக் கிடந்தே?" என்று கேட்டார். அவ்வளவுதான். இரண்டு பேரும் அழுதார்கள், இந்தத் தடவை சத்தமாக.

எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. "உனக்காக நகையை அடகு வெச்சோம்", "சித்தப்பா பொண்ணு பாரு, ஒரே தடவையில பாஸ்" என்று ஆரம்பிக்கிற வீடுகள்தான் அதிகம். தினமும் போன் பண்ணி, "என்ன படிச்சே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என்ன சாப்பிட்டே? எப்போ தூங்கினே?" என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சை முடிந்து வந்ததும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு போஸ்ட்மார்ட்டம் பண்ணாதீர்கள். அதை அவன் காலேஜில் பார்த்துக்கொள்வான்!

முதல் பரீட்சையில் தவறினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் துணைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் தன் செட்டோடு சேர்ந்தே படிப்பைத் தொடரலாம். அதற்காக அசட்டையாகவும் இருந்துவிட முடியாது. முதல் கட்டத் தேர்வை நாலு வருடத்துக்குள், நாலே தடவைக்குள் முடித்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆக, ஒரு தடவை தவறுவது விபத்து. ஏன் தவறியது என்று பார்க்காமல் அதே மாதிரி மறுபடி படிப்பதுதான் ஆபத்து.

கல்லூரிகளுக்கும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். 2019-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, எம்.பி.பி.எஸ். தொடக்கத்திலேயே மாணவர்களைத் தயார்ப்படுத்தும் அறிமுக வகுப்புகளைக் கொண்டுவந்தார்கள். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்பது உட்படச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அப்போதுதானே பிள்ளைகள் புது வெள்ளைக் கோட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரிகிறார்கள்! அழுத்தம் எங்கே இருக்கிறது? முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த மறுநாள் அல்லவா அந்த வகுப்பு வேண்டும்? தவறியவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்குப் பதில், ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் ஓர் ஆசிரியர் பேசினால் போதும். "ஃபர்ஸ்ட் இயர்ல அடிபட்டாத்தான் டாக்டராக முடியும்" என்று பெருமையாகச் சொல்கிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அடிபட்டு ஆனவர்களைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஆகாமல் போனவர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை யாரிடமும் பேசாமல் ஒதுங்குகிறதா? "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேச்சு வருகிறதா? போனை எடுப்பதில்லையா? தனக்குப் பிடித்த பொருள்களை எல்லாம் மற்றவர்களுக்குக் கொடுக்கிறதா? அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். தனியாக விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதற்குக் கஷாயம் கொடுத்து நாட்களைக் கடத்துகிற சித்த மருத்துவரை நானே மன்னிக்க மாட்டேன். 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 2022-லிருந்து இருக்கிறது. இலவசம். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையின் போனில் அந்த எண்ணை இன்றே பதிந்து வையுங்கள். வேண்டியிருக்காமல் போனால் சந்தோஷம்.

தொண்ணூற்றாறு தத்துவத்தை ஒரே மூச்சில் சொன்ன என் அறைத் தோழனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? அவனுக்கு இரண்டு பாடம் போனது, எனக்கு ஒன்று. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. பெட்டியை எடுத்துப் போக அவன் மாமா வந்தார். "படிச்சுக் கிழிச்சது போதும், கடையைப் பாரு" என்று அவன் அப்பா சொல்லிவிட்டாராம். கடையைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். இப்போது சர்க்கரை நோய்க்கு என்னிடம்தான் வருகிறான். போன தடவை வந்தபோது மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, "அவத்தை அஞ்சுல நாலாவது என்னடா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று வரவில்லை. "பேருறக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பெண்ணுக்கு வயிற்றுக்கு ஏலாதி சூரணம் மட்டும்தான் கொடுத்தேன். (உடனே கடைக்கு ஓடாதீர்கள். யாருக்கு எது என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.) உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் பாஸ். உயிர் வேதியியல் போய்விட்டது! துணைத் தேர்வில் எழுதித் தேறினாள். இப்போது இரண்டாம் வருடம்.

சென்ற மாதம் அந்த அம்மா தனியாக வந்தார். முழங்கால் வலி. தைலம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "டாக்டர், சின்னவன் இந்த வருஷம் ப்ளஸ் டூ. அவனுக்காவது அந்த லேகியம்..." என்று இழுத்தார்.